சாவிக்கொத்தைக் கேட்ட தாய்

குழந்தை பிறந்த வீட்டில் எந்தச் செய்தியும் நெடுநேரம் மறைந்திருப்பதில்லை. இனிப்பு வழங்குகின்றனர், திருமுழுக்குக்கு நாள் குறிக்கின்றனர், ஞானத்தாய் தந்தையர் யார் என்ற பேச்சு எழுகின்றது. குழந்தைக்குச் சிறு காய்ச்சல் கண்டாலும் மறுநாள் பூசை முடிந்ததும் பங்கில் பாதிப்பேர் விசாரிக்கின்றனர். தாய்க்குப் பால் கட்டிக்கொண்டது, தையல் பிரிந்தது என்றாலும் பெண்கள் தமக்குள் பேசிக் கைவைத்தியம் கூறுவர். ஆனால் பெற்றவளின் மனம் நோயுற்றது என்றால் மட்டும் வீட்டுக் கதவு சாத்தப்படுகின்றது. 'உடம்புக்கு முடியவில்லை, அம்மா வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்' என்ற ஒரே வாக்கியத்தோடு, விசாரிக்க வந்தவர்கள் திருப்பியனுப்பப்படுகின்றனர்.

இப்படிக் கதவைச் சாத்தும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. நம் நாட்டுக்கு மட்டும் உரியதுமன்று. அதன் வரலாற்றைத் தேடுவோர்க்கு நல்வாய்ப்பாக, நோயுற்ற தாய் ஒருவரின் சொந்த வாக்குமூலமே கிடைத்திருக்கின்றது. அவர் 600 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பத் தலைவி. பதினான்கு குழந்தைகளைப் பெற்றவர். இம்மாதம் அவரோடு சற்று நேரம் தங்குவோம்.

மார்ஜெரி கெம்ப் அம்மையார் ஏறத்தாழ 1373-ஆம் ஆண்டில், நார்போக் பகுதியைச் சேர்ந்த லின் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அந்நகரின் இன்றைய பெயர் கிங்ஸ் லின். அவருடைய தந்தை ஐந்து முறை நகர மேயராக இருந்தவர். ஏறக்குறைய 20 வயதில் ஜான் கெம்ப் என்பவரை மணந்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவர், முதிய வயதில் தம் வாழ்க்கையைப் பிறருக்குச் சொல்லி எழுதச் செய்தார். ஆங்கில மொழியின் முதல் தன்வரலாறு என்று பலர் கருதும் அந்நூல், பிறப்பையோ குலப்பெருமையையோ கொண்டு தொடங்கவில்லை. முதற்பிள்ளை பெற்றபின் தமக்கு நேர்ந்த மனநோயைக் கொண்டே தொடங்குகின்றது.

கருவுற்றிருந்த காலம் முழுவதும் அவருக்குக் கடும் உடல்நலக் குறைவு. பேற்றின் வேதனையும் சேர்ந்துகொள்ளவே, இனிப் பிழைக்கமாட்டோம் என்று எண்ணிவிட்டார். அதுவரை எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் வெளியிடாத ஒரு பாவத்தை அவர் நெடுநாளாக மனத்தில் சுமந்து வந்தார். சாகுமுன் அதைச் சொல்லிவிட வேண்டுமென்று தம் ஆன்ம குருவை அழைத்துவரச் செய்தார், சொல்லவும் தொடங்கினார். சொல்லி முடிக்குமுன்பே குருவானவர் அவசரப்பட்டுக் கடுமையாகக் கடிந்துகொண்டார். அதன்பின் அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. அப்பாவம் இன்னதென்று தம் நூலிலும் அவர் எங்கும் சொல்லவில்லை.

ஒருபுறம் நரக பயம், மறுபுறம் குருவின் கடுஞ்சொல். இவ்விரண்டுக்கும் நடுவே அவர் மதி கலங்கிற்று. அந்நிலை அரை ஆண்டும் எட்டு வாரங்களும் மேலும் சில நாள்களும் நீடித்தது என்று கணக்குத் தவறாமல் கூறுகிறார். தீப்பிழம்பு கக்கும் வாயுடைய பேய்கள் தம்மைப் பற்றி இழுப்பதாகக் கண்டார். விசுவாசத்தைக் கைவிடு என்று அவை மிரட்டுவதாகக் கேட்டார். கணவரையும் உற்றாரையும் தம்மையும் வாய்க்கு வந்தபடி தூற்றினார். தம் கையைத் தாமே கடித்த வடு வாழ்நாள் முழுவதும் மறையவில்லை. நகங்களால் நெஞ்சின் தோலைக் கிழித்துக்கொண்டார். வீட்டார் அவரைக் கட்டிவைத்து இரவும் பகலும் காவல் காத்தனர்.

இந்நாளைய மருத்துவர் பலர் இப்பகுதியை வாசித்து, இது பேற்றுக்குப் பின் தோன்றும் கடும் மனநோயாக இருக்கவேண்டும் என்கின்றனர். 600 ஆண்டுகளுக்கு அப்பாலிருந்து நாடி பிடித்துப் பார்க்க எவராலும் இயலாது என்பது மெய்யே. எனினும் இத்தகைய நோயாளியை நேரில் கண்ட குடும்பத்தார்க்கு மார்ஜெரியின் சொற்கள் புதியனவாக இரா. குருவின் கடுஞ்சொல்தான் நோயை வருவித்தது என்று நாம் கூறவில்லை. அவர் முன்பே தளர்ந்திருந்தார். ஆயினும் பேசவேண்டிய வேளையில் அச்சொல் அவர் வாயை அடைத்தது. அதை மறுக்க முடியாது.

நோய் நீங்கிய விதத்தையும் கேளுங்கள். காவலர் விலகிப்போய்த் தனியே கிடந்த ஒரு வேளையில், நம் ஆண்டவர் ஊதாப் பட்டாடை அணிந்த மனிதர் உருவில் படுக்கை ஓரத்தில் வந்து அமர்ந்ததாகவும், தாம் அவரை ஒருபோதும் கைவிடாதிருக்க அவர் தம்மைக் கைவிட்டது ஏன் என்று கனிவோடு வினவியதாகவும் மார்ஜெரி கூறுகிறார். அக்காட்சியைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது நமது வேலையன்று. அதன்பின் வீட்டுக்குள் நடந்ததே நமது அக்கறைக்கு உரியது. கணவர் உள்ளே வந்ததும் மார்ஜெரி அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: உக்கிராண அறையின் சாவி. முன்போலத் தாமே உணவும் பானமும் எடுத்து உண்ணவேண்டும் என்றார். பணிப்பெண்களும் காவலர்களும் தடுத்தனர். பித்துப் பிடித்தவளுக்குத் தான் பேசுவது இன்னதென்று தெரியாது; சாவியைக் கொடுத்தால் வீட்டிலுள்ள பொருளையெல்லாம் வாரிக் கொடுத்துவிடுவாள் என்றனர். ஜான் கெம்ப் அவர்களுக்குச் செவிசாய்க்கவில்லை. சாவியைக் கொடுக்கச் சொன்னார். மார்ஜெரி தம் உடல் ஏற்கும் அளவு உண்டார். சுற்றத்தாரை அடையாளம் கண்டுகொண்டார். வீட்டுப் பொறுப்பை மீண்டும் ஏற்றார்.

சாவிக்கொத்து யார் இடுப்பில் இருக்கின்றது என்பதன் பொருளை நம் வீட்டு மாமியார் மருமகளுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை! மனநோய் கண்ட பெண்ணிடமிருந்து வீடு முதலில் பறிப்பது அதைத்தான். குழந்தையைத் தூக்கவும், பணத்தை எண்ணவும், அடுப்படிக்குள் நுழையவும் அவளுக்குத் தடை விழுகின்றது. நோய் முற்றிய நாள்களில் இத்தடைகளுள் சில அவசியமே. குழந்தையைத் தாயிடம் தனியே விடாதிருப்பது அன்றும் இன்றும் அறிவுடைமை. ஆனால் நோய் தீர்ந்தபின்பும் தடைகள் தீர்வதில்லை. பிழைத்து வந்தவளின் பேச்சை நம்பிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் ஜான் கெம்ப்கள் எத்தனை பேர்?

இனி அந்நூலுக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். அதுவும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. மார்ஜெரி மறைந்து பல ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ 1501-ஆம் ஆண்டில், விங்கின் டி வோர்ட் என்னும் லண்டன் அச்சகத்தார் அந்நூலிலிருந்து சில பகுதிகளைத் தெரிந்து ஏழு பக்கச் சிறு வெளியீடாக அச்சிட்டார். அதில் தியானங்கள் இருந்தன. பிள்ளைப்பேறும், கடிந்த குருவும், கட்டிவைத்த கயிறும், கேட்டுப் பெற்ற சாவியும் இல்லை. 1521-ஆம் ஆண்டில் அதை மறுபதிப்புச் செய்த பெப்வெல் என்பவர் இன்னும் ஒருபடி மேலே சென்று, மார்ஜெரியைத் தனியறையில் அடைந்து தவம் செய்யும் துறவி என்றே குறிப்பிட்டுவிட்டார். பதினான்கு பிள்ளை பெற்ற குடும்பப் பெண்ணை! பக்தி நூலுக்கு நோயுற்ற தாய் பொருந்தமாட்டாள் என்று அச்சகத்தார் கருதினர் போலும். அதன்பின் 400 ஆண்டுகளுக்கு மேல் உலகம் அறிந்திருந்த மார்ஜெரி அந்தச் சில பக்க மார்ஜெரிதான்.

முழு நூலும் 1934-ஆம் ஆண்டில்தான் வெளிப்பட்டது. பட்லர் பவுடன் என்னும் பழைய கத்தோலிக்கக் குடும்பத்தாரின் மாளிகை அலமாரியில் கிடந்தது. மேசைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் வேறு பந்து தேடி அலமாரியைத் திறக்க, பழைய ஏடுகள் சரிந்து விழுந்தன என்றும், இக்குப்பையை நாளை நெருப்பில் போட்டுவிடுகிறேன் என்று வீட்டுக்காரர் சலித்துக்கொண்டார் என்றும் சொல்வர். நெருப்பில் போடுமுன் அறிஞர் கையில் காட்டினார்களே, அதற்கு நன்றி கூறவேண்டும். ஹோப் எமிலி ஆலன் என்னும் ஆராய்ச்சியாளர் அது மார்ஜெரியின் நூல் என்று கண்டறிந்தார். இன்று அந்தக் கையெழுத்துப் பிரதி லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது.

மார்ஜெரி செல்வர் வீட்டுப் பெண். அன்புடைய கணவரும் வாய்த்தார். இவ்விரண்டும் இல்லாதவர்களின் கதி வேறு. 1624-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சட்டம் இயற்றினர். மணமாகாத தாய் ஒருத்தி தன் குழந்தையின் சாவை மறைத்தால், அது இறந்தே பிறந்தது என்று அவளே சாட்சி வைத்து மெய்ப்பிக்கவேண்டும். இயலாதபோது கொலைக்குற்றம், தூக்குத்தண்டனை. அவள் மனநிலை எப்படி இருந்தது என்ற கேள்விக்கு அச்சட்டத்தில் இடமில்லை. 1803-ஆம் ஆண்டில்தான் அது நீக்கப்பட்டது. பேற்றின் விளைவால் தாயின் மனம் நிலைகுலைந்திருக்கக்கூடும் என்பதை அந்நாட்டுச் சட்டம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1922-ஆம் ஆண்டில். பிறந்து சில நாளே ஆன சிசுக்களுக்கு மட்டும் பொருந்திய அதனை, 12 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள்வரை 1938-ஆம் ஆண்டுச் சட்டம் விரிவாக்கிற்று. ஆக, 300 ஆண்டுகள்!

மருத்துவர்களும் நெடுங்காலம் தடுமாறினர். சுரந்த பால் வெளிவராமல் மூளைக்கு ஏறுவதே பித்துக்குக் காரணம் என்ற எண்ணம் ஐரோப்பாவில் வேரூன்றியிருந்தது. நம் பாட்டிமார் 'பிரசவச் சன்னி' என்ற ஒரே சொல்லில் காய்ச்சல், வலிப்பு, பிதற்றல் அனைத்தையும் அடக்கிவிட்டதைப் போன்றதே இது. 1820-ஆம் ஆண்டில் ராபர்ட் கூச் என்னும் லண்டன் மருத்துவர், இந்நோயாளிகளின் இரத்தத்தை வெளியேற்றும் சிகிச்சை கேடு பயக்கும் என்று எழுதினார். இவர்களுள் பெரும்பாலோர் தேறிவிடுவர் என்ற நம்பிக்கையையும் அவர் அளித்தார். பாரிஸ் நகரத்து எஸ்கிரோல் 1838-ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலில் நமக்கு மிக வேண்டிய ஒரு செய்தி உள்ளது. மனநோய் மருத்துவமனையின் கணக்கில் வருவோரைவிட, வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்க்கப்பட்டு எந்தக் கணக்கிலும் வராத தாய்மார் பலர் உண்டு என்பதே அது. சாத்திய கதவை அவர் அன்றே கண்டுகொண்டார். 1858-ஆம் ஆண்டில் லூயி விக்டர் மார்சே என்னும் இளம் பிரெஞ்சு மருத்துவர், கருவுற்றோர், பெற்றோர், பாலூட்டுவோர் ஆகியோரின் மனநோய் பற்றித் தனி நூலே எழுதினார்.

வீட்டுக்குள் வைத்து மறைத்தலுக்கு ஓர் எடுத்துக்காட்டு. கல்கத்தாவில் பிறந்து ஆங்கில நாவலாசிரியராகப் புகழ்பெற்ற தாக்கரேயின் மனைவி இசபெல்லா, 1840-ஆம் ஆண்டு மே மாதம் மூன்றாம் பெண் குழந்தையைப் பெற்றார். இரண்டாம் குழந்தையைப் பறிகொடுத்து ஓராண்டு சென்றிருந்தது. நாளுக்கு நாள் அவர் சோர்ந்து ஒடுங்கினார். கணவரோ எழுத்து வேலையில் மூழ்கியிருந்தார்; இடையே பெல்ஜியப் பயணமும் சென்று வந்தார். செப்டம்பரில் குடும்பத்தோடு அயர்லாந்துக்குக் கப்பலில் செல்கையில் இசபெல்லா கடலில் விழுந்துவிட்டார், காப்பாற்றினார்கள். ஆனால் மனம் திரும்பவில்லை. பிறர் பராமரிப்பில், குழந்தைகளை விட்டுப் பிரிந்து, கணவர் இறந்தபின்னும் 30 ஆண்டுகள் வாழ்ந்து 1894-ஆம் ஆண்டில் காலமானார். வெளியுலகம் இதை எவ்வளவு குறைவாக அறிந்திருந்தது என்பதற்குச் சான்று வேண்டுமா? பித்துற்ற மனைவியை மாடியறையில் பூட்டிவைத்த ஒருவரைப் பற்றி 'ஜேன் அயர்' என்ற நாவலை எழுதிய சார்லட் பிராண்டே, அதன் இரண்டாம் பதிப்பைத் தாக்கரேக்கே காணிக்கையாக்கினார்! அவர் வீட்டு நிலை அந்த அம்மையாருக்குத் தெரியாது. தெரிந்தபோது வருந்தினார், அதற்குள் வதந்தி பறந்துவிட்டது.

மருத்துவமே சாவியைப் பறித்த கதையும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் 1885-ஆம் ஆண்டில் மகளைப் பெற்றபின் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு உள்ளானார். 1887-ஆம் ஆண்டில் அவரைப் பார்த்த பெயர்பெற்ற மருத்துவர் வெயர் மிட்செல், முழு ஓய்வு தந்தார். வீட்டுக்கு அனுப்புகையில், இனி வாழ்நாளில் பேனாவையும் தூரிகையையும் தொடவேண்டாம் என்றார். அவ்வாறு நடந்த சில மாதங்களில் தாம் பைத்தியத்தின் விளிம்புக்கே சென்றதாகக் கில்மன் பின்னர் எழுதினார். பேனாவை மீண்டும் எடுத்தபோதே தேறினார்.

மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட தாயைக் குழந்தையிடமிருந்து பிரிப்பதே அண்மைக்காலம்வரை வழக்கம். பிரிந்தவள் தேறித் திரும்பும்போது, குழந்தைக்கு அவள் அந்நியள், அவளுக்கோ குற்றவுணர்வு. 1948-ஆம் ஆண்டில் லண்டனை அடுத்த காசல் மருத்துவமனையில் டாக்டர் தாமஸ் மெயின், தாயோடு குழந்தையையும் சேர்த்து அனுமதித்தார். அவ்வழி மெல்லப் பரவியது. நம் நாட்டில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையம் 2009-ஆம் ஆண்டில் தாய்க்கும் சேய்க்குமாகத் தனிப்பிரிவு தொடங்கிற்று. 2017-ஆம் ஆண்டு இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கலாகாது என்கின்றது. தாயால் குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதும்போது மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம். இச்சட்டப் பிரிவை நம் குடும்பங்கள் அறிந்து வைத்திருப்பது நன்று.

நம் மண்ணிலிருந்தும் ஒரு செய்தி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தமிழகத்துக் கிராமப்புறத் தாய்மாரை ஆராய்ந்து 2002-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பேற்றுக்குப் பின் 100 பேரில் 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு நோய் தோன்றியிருந்தது. அதனோடு தொடர்புடையனவாக அவர்கள் கண்டவை: வறுமை, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கருவுற்ற காலத்தில் நேர்ந்த துயரங்கள், கைவேலைக்கு உதவி இன்மை, ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறத்தல். இப்பட்டியலில் பேயும் இல்லை, செய்வினையும் இல்லை. இருப்பவற்றுள் பாதி நம் கையில் உள்ளவை. பெண் குழந்தை பிறந்த வீட்டில் முகம் சுளிப்போர் இதை இருமுறை வாசிக்க வேண்டுகிறோம்.

வீட்டார் அறியவேண்டியவை சில. பெற்ற முதல் வாரத்தில் காரணமின்றி அழுவதும் எரிந்து விழுவதும் பாதிக்கு மேற்பட்ட தாய்மாரிடம் காணப்படும். இரண்டு வாரத்துக்குள் தானே நீங்கும். நீங்காமல் நீடித்தாலும், பசியும் உறக்கமும் போய், குழந்தையின் மீது பற்று வரவில்லை, நான் இருந்து பயனில்லை என்று அவள் சொன்னாலும், அது நோய். 'பச்சை உடம்புக்காரி, நாற்பது நாள் கழிந்தால் சரியாகிவிடும்' என்று காத்திருக்கலாகாது. மனச்சோர்வு குழந்தைக்கு ஓராண்டு நிறைவதற்குள் எப்போதும் வரக்கூடும். ஆயிரம் பேற்றில் ஒருவர் அல்லது இருவருக்கு வருவதுதான் மார்ஜெரி கண்டது போன்ற கடும் நோய். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே திடீரெனத் தோன்றும். உறக்கமே இராது, பேச்சு தடம் புரளும், இல்லாத குரல் கேட்கும், குழந்தையைப் பற்றி விபரீதமான எண்ணங்கள் எழும். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மந்திரிக்கவும் தாயத்துக் கட்டவும் அலைவதில் கழியும் ஒவ்வொரு நாளும் இரண்டு உயிர்களுக்கு ஆபத்து. செபிக்க வேண்டாமா என்று கேட்பர். மருத்துவமனைக்குப் போகும் வழியில் செபிக்கலாம். எங்கே செல்வது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணில், அரசின் டெலி மானஸ் சேவையை எந்நேரமும் தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் இல்லை. உரிய சிகிச்சையில் பெரும்பாலோர் முழு நலம் பெறுகின்றனர்.

ஒன்று எஞ்சியுள்ளது. ஒரு பேற்றில் கடும் மனநோய் கண்டவர்களுக்கு அடுத்த பேற்றிலும் அது திரும்பும் வாய்ப்பு, மூவரில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை உண்டு என்று மருத்துவர் கணிக்கின்றனர். முன்கூட்டியே அறிந்தால் மருந்தாலும் கண்காணிப்பாலும் பெரிதும் தடுக்கலாம். ஆனால் நம் குடும்பங்கள் செய்வது என்ன? முன்பு நடந்தது வெளியே தெரிந்தால் இளைய மகளின் திருமணப் பேச்சு கெடும் என்று அஞ்சி, அடுத்த பேற்றுக்கு வேண்டுமென்றே வேறு ஊரில் வேறு மருத்துவமனையைத் தேடுகின்றனர். கேட்கும் மருத்துவரிடம், 'முதல் பேறு சுகமாக நடந்தது' என்கின்றனர். கருவுற்றதைப் பதிவு செய்யும் முதல் நாளிலேயே, கணவரோ மாமியாரோ தாயோ உடன் சென்று, முன்பு நேர்ந்ததைச் செவிலியரிடமும் மருத்துவரிடமும் ஒளிக்காமல் கூறி, மருத்துவக் குறிப்பில் எழுதச் செய்யவேண்டும். பழைய மருந்துச் சீட்டுகள் பெட்டியின் அடியில் கிடந்தால் அவற்றையும் எடுத்துச் செல்க.